நாட்டின் வரியை யார் கட்டுகிறார்கள்? தட்டுவடைக் கடையில் ஆரம்பித்த பேச்சு, கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அம்மாப்பேட்டைக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த ஒரு விஷயம் நாலு நாளாக மண்டையைக் குடைவதால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு தள்ளுவண்டியில் நானும் மச்சானும் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டு நின்றோம். இரண்டு பேருமே சம்பளக்காரர்கள். எனக்கு வருடம் 14 லட்சம் வருகிறது. சம்பளக்காரர்களுக்குக் கொடுக்கும் நிரந்தரக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) 75,000 போக மிச்சத்துக்கு இந்த வருடம் 81,900 ரூபாய் வருமான வரி, அதாவது மாதம் 6,825 ரூபாய் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. மச்சானுக்கு இன்னும் அதிகம். அந்தக் கோபத்தில் அவர், "நூத்துக்கு ரெண்டு பேர் வரி கட்டறோம், மிச்சம் 98 பேர் நம்ம காசுல ரேஷன் அரிசி வாங்கறாங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்போது என் சித்தி பக்கத்தில்தான் நின்றார். சித்தப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. சித்தி வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் வேலை செய்கிறார். வெள்ளி விலை ஏறியதிலிருந்து ஆர்டர் குறைந்துபோய் இப்போது மாதம் 9,000 வந்தால் பெரிது. ஒரு பெண் காலேஜ் படிக்கிறாள். செய்து முடித்த கொலுசைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, டிவிஎஸ் எக்ஸ்எல்லை நிறுத்தி எங்களிடம் பேச வந்தவர், மச்சான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்ப பெட்ரோல் பங்க்ல நான் குடுக்கறதெல்லாம் என்னங்க மாப்பிள்ள?" என்று மட்டும் கேட்டார். மச்சானுக்குப் பதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். கட்சிப் பேச்சு வேண்டாம். ஏழை, நடுத்தரம், பணக்காரர் என்று பார்த்தால் நாட்டின் வரிச்சுமை உண்மையில் எப்படிப் பிரிகிறது? நாங்கள் இரண்டு சதவீதம்தான் எல்லாவற்றையும் தூக்குகிறோமா?

----

கணக்கு அக்கா:

தம்பி, நான் அஸ்தம்பட்டியில் பதினெட்டு வருடமாக வரிக் கணக்கு எழுதுகிறேன். உங்கள் மச்சான் சொன்ன அந்த இரண்டு சதவீதத்தை மாதம் ஒருவராவது என் மேசை முன்னால் உட்கார்ந்து சொல்லிவிடுகிறார். வருமான வரியை மட்டும் எடுத்தால் அவர் சொல்வது ஏறக்குறைய சரி. 2024 ஜூலை 31 கெடுவுக்குள் நாடு முழுக்கத் தாக்கலான ரிட்டர்ன் 7.28 கோடி, அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரிட்டர்ன் போட்டாலும் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 140 கோடி ஜனத்தொகையில் மிச்சத்தைக் கணக்குப் போட்டால் அந்த இரண்டு சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

ஆனால் வருமான வரி மட்டும்தான் வரி என்று யார் சொன்னது? 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசுக்கு வரும் ஒரு ரூபாயைப் பைசா பைசாவாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வருமான வரி 22 பைசா, கம்பெனிகள் கட்டும் வரி 17, ஜிஎஸ்டி 18, கலால் 5, சுங்கம் 4. மிச்சம் கடனும் மற்ற வரவும். ஜிஎஸ்டி, கலால், சுங்கம் மூன்றையும் சேர்த்தால் 27 பைசா. இந்த 27-ஐக் கடையில் நிற்கும் எல்லோரும் கட்டுகிறோம், உங்கள் சித்தி உட்பட. இது மத்திய அரசின் பங்கு மட்டும். ஜிஎஸ்டியில் மாநிலத்துக்குப் போகும் பாதி, பெட்ரோல் டீசல் மீதான மாநில வரி, டாஸ்மாக் எல்லாம் தனி. டாஸ்மாக் மூலம் மட்டும் 2024-25-ல் தமிழ்நாட்டு அரசுக்கு வந்தது 48,344 கோடி. சாயங்காலம் எந்தக் கடை வாசலில் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொத்து வேலை முடித்து வரும் ஆளின் கூலியில் கால்வாசி அங்கே வரியாகப் போனால், அதையும் நான் வரி கட்டியவர் கணக்கில்தான் சேர்ப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து யாராவது கொண்டுவந்து ஒட்டுவார்கள். 2023 ஜனவரியில் ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில், ஜிஎஸ்டியில் 64 சதவீதம் கீழ்ப் பாதி ஜனங்களிடமிருந்து வருகிறது, மேல் 10 சதவீதத்திடமிருந்து 3, 4 சதவீதம்தான் வருகிறது என்று இருந்தது. எனக்கு ஏழைகள் பக்கம்தான் மனசு, ஆனாலும் அந்த எண்ணை நான் எடுத்துப் பேசுவதில்லை. ஜிஎஸ்டி செலவு செய்தால்தான் விழும். 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமத்தின் கடைசி 5 சதவீதம் பேர் தலைக்கு மாதம் 1,677 ரூபாய் செலவு செய்கிறார்கள், நகரத்தின் மேல் 5 சதவீதம் பேர் 20,310 ரூபாய். இவ்வளவு குறைவாகச் செலவு செய்கிறவர்கள், அதிலும் மூட்டை பிரித்து விற்கும் அரிசி, காய், பால் என்று வரியில்லாத சாமான்களையே அதிகம் வாங்குகிறவர்கள், மொத்த ஜிஎஸ்டியில் மூன்றில் இரண்டு பங்கைக் கட்ட முடியாது. ரூபாயாகப் பார்த்தால் மேலே இருப்பவர்கள்தான் அதிகம் கட்டுகிறார்கள்.

ஆனால் ரூபாயாகப் பார்ப்பது ஒரு கணக்கு, வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்ப்பது வேறு கணக்கு. உங்கள் சித்தி வாங்கும் 9,000-மும் மாதக் கடைசிக்குள் கடைகளுக்குப் போய்விடும். நீங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சேமித்தால் அந்தப் பங்கு மீது ஜிஎஸ்டி என்ற பேச்சே கிடையாது. வருமானம் ஏற ஏற சேமிப்பும் ஏறுவதால், மறைமுக வரி மேலே போகப் போக லேசாகிக்கொண்டே வரும். சித்தியிடம் ஒரு மாத பில்களை எடுத்து வைக்கச் சொல்லி நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள், நான் உதவுகிறேன்.

----

லீபஜார் மளிகை:

அக்கா சொன்னதைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நான் தினமும் பார்க்கிறேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, உண்மையிலேயே நல்ல காரியம். அதற்கு முன்பு எட்டு வருடம், கூலி வேலைக்குப் போகும் அம்மா வாங்கிய பத்து ரூபாய் சோப்பிலும் 18 சதவீதம், கார் வைத்திருப்பவர் வாங்கிய சோப்பிலும் அதே 18 சதவீதம். துணி துவைக்கும் பவுடர் இப்போதும் 18-லேயே நிற்கிறது. அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை, ஏழை வீட்டில்தான் கையால் துவைக்கிறார்கள், பவுடரும் அதிகம் செலவாகிறது.

2022 ஜூலையில் பாக்கெட் அரிசி, மாவு, பருப்புக்கு 5 சதவீதம் போட்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 25 கிலோ வரை பேக் பண்ணி லேபிள் ஒட்டினால் வரி என்றார்கள். உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். மொத்தமாக 26 கிலோ வாங்கக் காசு இருப்பவர்களுக்கு வரி இல்லாமல் போனது, அஞ்சு கிலோ பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு வரி விழுந்தது. இதை நான் என் கையால் எடை போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் டீசல். இதை யாருமே வரிக் கணக்கில் சேர்ப்பதில்லை. தக்காளிக்கு ஜிஎஸ்டி இல்லை, சரி. ஆனால் அது லாரியில் வருகிறது. சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார், வாடகையில் பெரும்பங்கு டீசலுக்கே போகிறது, டீசல் விலையில் மத்திய கலாலும் மாநில வாட்டும் இருக்கிறது, பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வராததால் லாரிக்காரர் கட்டிய அந்த வரியைத் தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. அது அப்படியே வாடகையில் ஏறி, மண்டியில் ஏறி, கடைசியில் கால் கிலோ தக்காளி வாங்குபவர் கையில் முடிகிறது. பில்லில் வரி பூஜ்யம் என்று இருக்கும், விலைக்குள்ளே வரி இருக்கும்.

----

ஐந்துரோடு வாசி:

எல்லாம் சரி, ஆனால் சம்பளக்காரன் கோபத்தில் நியாயமே இல்லை என்பது போல் பேச வேண்டாம். நானும் கடையில் ஜிஎஸ்டி கட்டுகிறேன், பங்கில் பெட்ரோல் வரி கட்டுகிறேன், அதற்கு மேல் வருமான வரியும் கட்டுகிறேன். வரி போன பிறகு மிஞ்சும் காசில்தான் மறுபடியும் வரி கட்டி வாங்குகிறேன். என் வருமானம் ஒரு ரூபாய் கூட மறைக்க முடியாது, கம்பெனியே டிடிஎஸ் பிடித்துவிடும். என் வீட்டுக்கு எதிரே நாலு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் எல்லா வாடகையையும் ரொக்கமாகவே வாங்குகிறார். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் சம்பாதித்துவிட்டு விவசாய வருமானம் என்று எழுதிவிட்டால் வரி கிடையாது. இவர்களைக் கேட்காமல் எங்களிடமே வந்து நிற்பது ஏன்? 12 லட்சம் வரை வரி இல்லை என்று ஆக்கியது பெரிய உதவி, மறுக்கவில்லை. அதைத் தாண்டியவன் நிலைமை என்ன?

----

நாகலூர் காப்பித்தோட்டம்:

ஏற்காடு பெயர் வந்ததால் எழுதுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்கு மலை முழுக்க எஸ்டேட் முதலாளிகளாகத்தான் தெரியும். நான் நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, கீழே அரபிக்கா காப்பி. நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பித்தால் பிப்ரவரி வரை போகும். கூலி, உரம், மருந்து எல்லாம் போக ஒரு வருடம் நிற்கும், ஒரு வருடம் நிற்காது. இரண்டு மூன்று வருடமாகக் காப்பி விலை ஏறியதால் கொஞ்சம் மூச்சு விடுகிறோம், அதற்கு முன்பு பல வருடம் பறிகூலிக்குக் கட்டாமல் பழம் செடியிலேயே காய்ந்ததும் உண்டு. எனக்கு வருமான வரி போட்டாலும் 12 லட்சம் வரம்பில் நான் பக்கத்தில்கூட வரமாட்டேன்.

இன்னொன்றும் பாருங்கள். உரத்துக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறேன், பூச்சிமருந்துக்கு, மோட்டாருக்கு, குழாய்க்கு எல்லாம் கட்டுகிறேன். வியாபாரி என்றால் அதைக் கழித்துக்கொள்வார். என் விளைச்சலுக்கு ஜிஎஸ்டி இல்லை, நான் பதிவு செய்தவனும் இல்லை, அதனால் கட்டியது கட்டியதுதான். வரியே கட்டாதவன் விவசாயி என்று சொல்லும்போது இதையும் யோசிக்க வேண்டும்.

அதே சமயம் ஐந்துரோடு நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க எனக்கு மனமில்லை. பழத்தைத் தோல் உரித்து உலர்த்தி அப்படியே விற்றால் முழுக்க விவசாய வருமானம். பதப்படுத்தி விற்றால் 25 சதவீதத்தை வியாபார வருமானமாக எடுப்பார்கள், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். மிச்சத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. முந்நூறு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இதே விதி, மூன்று ஏக்கர் வைத்திருக்கும் எனக்கும் இதே விதி. எங்கள் பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் நிழலில் நிற்கிறார்கள், எங்களுக்கு அதில் பைசா லாபம் இல்லை. கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கும் சேர்த்து வருகிறது.

----

கணக்கு அக்கா:

நாகலூர் அண்ணன் சொன்னது அப்படியே சரி. விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரத்தை அரசியல் சட்டம் மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது, அதனால் டெல்லி நினைத்தாலும் நேராகப் போட முடியாது. 1972-லேயே பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் தலைமையில் ஒரு குழு, சிறிய விவசாயியைத் தொடாமல் பெரிய நிலக்காரர்களிடம் நில அளவையும் விளைச்சலையும் வைத்து வரி வாங்க வழி சொன்னது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, எந்த அரசும் அதைத் தொடத் துணியவில்லை.

ஐந்துரோடு தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது கீழே பார்த்துப் போகிறது, மேலே பார்த்துப் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2018-19 பட்ஜெட்டில் ஒரு ரூபாய் வரவில் கம்பெனி வரி 19 பைசா, தனிநபர் வருமான வரி 16 பைசா. 2025-26-ல் கம்பெனி 17, தனிநபர் 22. ஏழு வருடத்தில் தராசு சாய்ந்துவிட்டது. நடுவில் என்ன நடந்தது? 2019 செப்டம்பர் 20 அன்று கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள், புதிதாக ஆலை தொடங்குபவர்களுக்கு 15 சதவீதம். வருடம் 1.45 லட்சம் கோடி வருமானம் போகும் என்று நிதியமைச்சரே அன்றைக்குச் சொன்னார். முதலீடு பெருகும், வேலை வரும் என்ற எண்ணத்தில் செய்தது. சம்பளக்காரர்கள் எண்ணிக்கை கூடியதும், ரிட்டர்ன் போடுபவர்கள் கூடியதும் தனிநபர் வரி ஏறக் காரணம்தான், எல்லாப் பழியையும் ஒரே முடிவின் மேல் போடமாட்டேன். ஆனாலும் சாய்ந்த பக்கம் எது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

அப்புறம் வருமானம் எந்த வழியில் வருகிறது என்பது. சம்பளம் 24 லட்சத்தைத் தாண்டினால் மேற்கொண்டு வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 30 சதவீதம். அதே பணம் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குச்சந்தைப் பங்கை விற்ற லாபமாக வந்தால், முதல் 1.25 லட்சம் போக, பத்து கோடியாக இருந்தாலும் 12.5 சதவீதம்தான், அந்த வரியின் மேல் போடும் கூடுதல் வரியான சர்சார்ஜும் 15 சதவீதத்தைத் தாண்டாது. விற்காமல் வைத்துக்கொண்டால் எத்தனை கோடி ஏறினாலும் வரியே இல்லை. செல்வ வரி என்று (நகராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி இல்லை, பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் போட்டது) 1957-லிருந்து ஒன்று இருந்தது, 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். அதற்கு அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி சொன்ன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும்: 2013-14-ல் நாடு முழுக்க அதில் வசூலானது 1,008 கோடிதான், வசூலிக்கும் சிரமம் அதிகம், பதிலாகக் கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் சர்சார்ஜ் ஏற்றினால் 9,000 கோடி வரும் என்றார். கணக்கு சரிதான். ஆனால் சர்சார்ஜ் வருமானத்தின் மேல், வருமானமாகக் காட்டாத சொத்தை அது தொடாது. ஒருவர் இறந்தால் பிள்ளைகளுக்குப் போகும் சொத்துக்கு இருந்த வரி 1985-லேயே போய்விட்டது. 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 37 சதவீதமாக இருந்த சர்சார்ஜும் புது வருமான வரி முறையில் 2023-ல் 25 ஆகக் குறைந்தது.

ஒரு காலத்தில், 1973-74-ல், மேல் தட்டு வருமானத்துக்கு 97.75 சதவீதம் வரி போட்டார்கள். அப்படி ஒரு வரியை யார் கட்டுவார்கள், எல்லோரும் மறைக்கத்தான் வழி பார்த்தார்கள். அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். மாதச் சம்பளத்தில் வரும் ஒரு லட்சமும் பங்கு விற்று வரும் ஒரு லட்சமும் ஒரே ரூபாய்தானே, ஏன் இரண்டு விலை?

----

அம்மாப்பேட்டைக்காரன்:

அக்கா சொன்னபடி நேற்று ராத்திரி சித்தி வீட்டுக்குப் போய் ஒரு மாதச் செலவை எழுதினேன். பாதிக்கு பில் இல்லை, கடைக்காரர் சீட்டில் எழுதியதும் சித்தி ஞாபகமும்தான். தங்கச்சி ஒரு பக்கம் உட்கார்ந்து கால்குலேட்டரில் போட்டாள்.

ரேஷன் அரிசி, முட்டை, காய், பால், டவுன் பஸ் இவற்றுக்கு வரி இல்லை. சிலிண்டர் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதில் மாதக் கணக்குக்கு 21 ரூபாய். எண்ணெய்க்கு 14. டீத்தூள், சர்க்கரை, பாக்கெட் மசாலா சேர்த்து 19. சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் 21. லீபஜார் அண்ணன் சொன்ன துணிப் பவுடருக்கு 150 ரூபாயில் 23. எங்கள் மூவருக்கும் தூக்கிவாரிப் போட்டது ரீசார்ஜ். இரண்டு போனுக்கும் சேர்த்து 598 ரூபாய், அதில் 18 சதவீதம் என்று பிரித்தால் 91 ரூபாய் வரி. மொத்த ஜிஎஸ்டி 190 ரூபாய்க்குப் பக்கம், அதில் பாதி போனுக்கு மட்டும். தங்கச்சி காலேஜ் பாடமும் பட்டறையிலிருந்து வரும் ஆர்டரும் அந்தப் போன்களில்தான் வருகிறது, நிறுத்தவும் முடியாது.

பெட்ரோல் மாதம் 7 லிட்டர், 700 ரூபாய்க்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வரி என்று வைத்தாலும் 230 ரூபாய். எல்லாம் சேர்த்து மாதம் 420 ரூபாய். 9,000-ல் இது நூற்றுக்கு 4.67. லாரி டீசல் மாதிரி விலைக்குள் ஒளிந்திருப்பதை நான் சேர்க்கவே இல்லை.

என் வருமான வரி 14 லட்சத்தில் நூற்றுக்கு 5.85. நானும் கடையில், பெட்ரோல் பங்கில் கட்டுகிறேன், அதைச் சேர்த்தால் நான் சித்தியைவிடக் கூடுதலாகத்தான் கட்டுகிறேன். ஆனால் இத்தனை நாள் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர் பூஜ்யம், நான் முழுசு என்று. எனக்கு 6,825 போன பிறகும் வீட்டுக் கடன், சேமிப்பு எல்லாம் நடக்கிறது. சித்திக்கு அந்த 420 இருந்தால் தங்கச்சிக்கு மாதம் பஸ் காசு, காலேஜ் ஜெராக்ஸ் செலவு ரெண்டும் முடிந்துவிடும். அதைச் சித்தியேதான் சொன்னார், வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

தாளைப் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். ராத்திரி பத்தரைக்குப் பதில் வந்தது, "ரீசார்ஜ் நெசமா 91ஆ?" என்று. காலையில் அவரே சித்திக்குப் போன் பண்ணிப் பேசியிருக்கிறார், என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்கா, ஒரு சந்தேகம். போனுக்கு 18 சதவீதம் என்பது பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒன்றுதானா, குறைந்த பிளானுக்குக் குறைந்த வரி என்று எதுவும் இல்லையா?

----

கணக்கு அக்கா:

இல்லை தம்பி, எல்லா ரீசார்ஜுக்கும் ஒரே 18. 2025 செப்டம்பரில் அவ்வளவு மாற்றியபோதும் அதைத் தொடவில்லை.

----

நாகலூர் காப்பித்தோட்டம்:

உங்கள் கணக்கைப் பார்த்துவிட்டு நானும் எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்க வரும் இரண்டு பெண்களிடம் கேட்டேன். வண்டி கிடையாது, அதனால் பெட்ரோல் இல்லை. ஆனால் இரண்டு பேர் வீட்டிலும் மூன்று மூன்று போன். மலையில் சிக்னல் சரியாக எடுக்காததால் ஒருவர் வேறு வேறு கம்பெனி சிம் இரண்டு போட்டு இரண்டுக்கும் ரீசார்ஜ் செய்கிறார். அவர்கள் வீட்டுக் கணக்கையும் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே போடுகிறேன்.